அரிசி கூடவே வந்தது; பருப்பு வந்ததா?

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையை விட்டுக் கிள்ளிப்பாலம் நோக்கி நடப்போர்க்குச் சாலைக் கடைத்தெருவைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி அது. இன்றும் விடியற்காலையில் அங்கே மூட்டைகள் இறங்குகின்றன. துவரையும் உளுந்தும் கடலையும் பயறும் சாக்கு வாய் திறந்து கடை முகப்பில் நிற்கின்றன. விலை கேட்பவர் மலையாளத்தில் கேட்க, விலை சொல்பவர் தமிழில் சொல்ல, இருவருக்கும் ஐயமின்றி விளங்கிவிடுகிறது. நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக வணிகம் நடத்துவதும், பிழைப்புத் தேடி வந்தவர் பலர் சுமை தூக்கியும் கணக்கெழுதியும் தையல் தைத்தும் வாழ்வதும் இத்தெருவைச் சுற்றியே.

அத்தெருவின் மளிகைக் கடையொன்றில் ஒரு மாலை நாம் நின்றிருந்தபோது, கூலி வேலை முடித்து வந்த தாய் ஒருவர் ஐந்து கிலோ அரிசியும் நூறு கிராம் துவரம்பருப்பும் கேட்டார். கடைக்காரர் தெற்கத்திச் சீமைக்காரர். “ஏன்மா, நாலு பேரு இருக்கீங்க, நூறு எந்த மூலைக்கு?” என்றார். “ரெண்டு நாளைக்கு ஓட்டிருவேன் அண்ணாச்சி. சாம்பாருக்கு நிறம் வரத்தான் மஞ்சப்பொடி இருக்கே. ஊருல இருந்தப்போ ரேஷன்ல மாசம் ஒரு கிலோ கெடச்சுது. இங்க அது ஏது?” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னது நமக்குச் சிரிப்பைத் தரவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தின் தட்டிலிருந்து ஓசையின்றி விலகிப்போகும் ஒரு பொருளைப் பற்றியே அவர் பேசினார் என்பதை வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தோம். அப்பொருளுக்கு அறிவியல் இட்ட பெயர் லைசின். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் புதிதன்று. நம் பாட்டிமார் பெயர் அறியாமலே அதனை நாள்தோறும் பரிமாறி வந்தார்கள்.

எழுத்துப் பெட்டியில் ஓர் எழுத்து

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்து அச்சுக்கூடங்களை நம் வாசகருள் மூத்தோர் கண்டிருப்பர். அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை உண்டு. ‘க’ என்னும் எழுத்து தீர்ந்துவிட்டால், மற்ற எழுத்துகள் குவிந்து கிடந்தாலும் பக்கம் முடியாது. வேலை அங்கேயே நின்றுவிடும்.

நம் உடலில் தசையும் தோலும் குருதியும் ஆகும் புரதங்கள் யாவும் இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்துக் கட்டியவையே. இவற்றுட் பலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ளும். ஒன்பதை மட்டும் ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. உணவின் வழியே வந்தாக வேண்டும். அதனால் அவற்றை இன்றியமையாத அமினோ அமிலங்கள் என்கிறோம். அந்த ஒன்பதில் ஒன்று லைசின். சோறும் ரொட்டியும் கிழங்கும் பெரும்பகுதியாக உண்ணும் மக்களின் எழுத்துப் பெட்டியில் முதலில் தீர்ந்துபோகும் எழுத்து இதுவே. அது தீர்ந்தபின், எஞ்சிய அமிலங்கள் எவ்வளவு இருப்பினும் உடல் அவற்றைக் கொண்டு முழுப் புரதம் கட்ட முடியாமல் வெறும் எரிபொருளாகச் செலவழித்துவிடுகிறது.

1889ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் எட்மண்ட் டிரெக்ஸல் பாலின் புரதமாகிய கேசீனிலிருந்து லைசினைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது உயிர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கக் கால் நூற்றாண்டு சென்றது. 1914இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தாமஸ் ஆஸ்பர்ன், லஃபாயத் மெண்டல் என்னும் இருவர் எலிக்குஞ்சுகளுக்குக் கோதுமையின் கிளையாடின் என்னும் புரதத்தை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்தனர். குஞ்சுகள் இறக்கவில்லை, நோயுற்றுக் கிடக்கவுமில்லை, ஆனால் வளரவேயில்லை. அதே உணவில் சிறிது லைசினைச் சேர்த்ததும் அவை வளரத் தொடங்கின.

இச்செய்தியை நாம் இங்கே எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. லைசின் குறைவு காய்ச்சலைப் போலவோ வயிற்றுவலியைப் போலவோ தன் வரவை அறிவித்துக்கொண்டு வருவதன்று. பிள்ளை ஓடுகிறது, ஆடுகிறது. உயரம் மட்டும் வயதுக்கு ஏறவில்லை. தாய் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். தளர்ச்சி மட்டும் தீரவில்லை. இவற்றிற்கு வேறு காரணங்களும் பல உண்டு. ஆயினும் தட்டில் புரதம் குறைந்திருத்தல் அவற்றுள் ஒன்று. எலும்புக்கும் தோலுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் இழைகள் ஒன்றோடொன்று பிணைவதற்கும் லைசின் வேண்டும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

எதில் எவ்வளவு?

சமைப்பதற்கு முன் 100 கிராம் பொருளில் உள்ள லைசினை மில்லிகிராம் கணக்கில் ஏறத்தாழக் கீழே தருகிறோம். வகைக்கும் விளைந்த மண்ணுக்கும் ஏற்ப இவை சற்றுக் கூடலாம், குறையலாம்.

மரவள்ளிக் கிழங்கு: 50க்கும் குறைவு
கேழ்வரகு: 200
கோதுமை மாவு: 270
அரிசி: 290
நிலக்கடலை: 900
கொண்டைக்கடலை: 1,300
துவரம்பருப்பு: 1,450
உளுந்து: 1,500
சிறுபயறு: 1,600
சோயா மொச்சை: 2,400
பசும்பால்: 250
கோழி முட்டை: 900
சாளை மீன்: 1,600

இப்பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாக நோக்குங்கள். தானியமும் கிழங்கும் ஒருபுறம் நிற்கின்றன. பருப்பும் பயறும் மீனும் முட்டையும் மறுபுறம் நிற்கின்றன. அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறினால் புரதம் மிகும் என்று நம்மவர் பலர் சப்பாத்திக்கு மாறுகிறார்கள். புரதத்தின் மொத்த அளவு சற்று மிகுவது உண்மையே. ஆனால் லைசின் கணக்கில் அம்மாற்றத்தால் ஆதாயம் ஒன்றுமில்லை. பால் சிறு எண்ணாகத் தோன்றினும், 200 மில்லி அருந்துவோர்க்கு 500 மில்லிகிராம் கிடைத்துவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

இனி ஒரு தட்டின் கணக்கைப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனமும், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும், ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் கூட்டாக 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 30 மில்லிகிராம் லைசின் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 1,650 மில்லிகிராம் ஆகிறது. வளரும் பிள்ளைகளுக்கு எடைக்கு எடை இதனினும் அதிகம் வேண்டும். கருவுற்ற தாய்க்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தேவை மேலும் மிகும்.

அப்பெண் ஒரு நாளில் 300 கிராம் அரிசியைச் சோறாகவும் கஞ்சியாகவும் உண்கிறாள் என்று கொள்வோம். அதில் 870 மில்லிகிராம் கிடைக்கும். கடையில் நாம் கண்ட தாயின் கணக்குப்படி நூறு கிராம் பருப்பு நால்வருக்கு இரண்டு நாளைக்கு என்றால், ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கிராம். அதில் கிடைப்பது 180 மில்லிகிராம். ஆக மொத்தம் 1,050. தேவையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதே தட்டில் பருப்பு 50 கிராம் ஆகுமானால் 725 மில்லிகிராம் சேர்ந்து கணக்கு 1,595 ஆகிறது; ஒரு குவளை மோரோ தயிரோ பாலோ சேர்ந்தால் குறை முற்றும் தீர்கிறது.

அரிசிக்குப் பருப்பு துணை என்பது மட்டுமன்று. பருப்புக்கும் அரிசி துணையே. பருப்பில் குறைவாக உள்ள மெதியோனின் என்னும் மற்றோர் அமிலம் அரிசியில் ஓரளவு நிறைந்திருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இரண்டையும் ஒரே கவளத்தில் பிசைந்தே உண்ண வேண்டும் என்னும் கட்டாயமில்லை. வளர்ந்தவர் ஒரே நாளின் உணவுகளில் இரண்டையும் பெற்றால் போதும். இலையில் முதற்சோற்றுக்குப் பருப்பும் நெய்யும் இடும் வழக்கத்தையும், பொங்கலில் பயற்றம்பருப்பைக் கூட்டும் வழக்கத்தையும், இட்லிக்கு உளுந்தும் அடைக்குப் பல பருப்புகளும் சேர்க்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தியவர்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கைக்கணக்கு பிழைக்கவில்லை.

வந்த ஊர் கற்றுத் தரும் பாடம்

நாம் வந்து வாழும் இந்நாட்டின் வரலாறும் இப்பொருளில் நமக்கு ஆசிரியராக நிற்கிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழை மக்களின் பசி தீரும் என்று மரவள்ளிப் பயிரைப் பெரிதும் ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் 1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமானதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அக்கொடிய காலத்தில் ஆயிரமாயிரம் குடும்பங்களைப் பசியினின்று காத்தது மரவள்ளியே. அதன் பெருமையை யாரும் குறைத்தல் ஆகாது. கிழங்குப் பயிர்களுக்கென மத்திய ஆராய்ச்சி நிலையமொன்று 1963 முதல் இந்நகரின் ஸ்ரீகாரியத்திலேயே இயங்கி வருகிறது.

ஆனால் மேலே கண்ட பட்டியலில் மரவள்ளியின் இடம் எது? அடியிலும் அடி. பசியை ஆற்றும், புரதம் தராது. அதை அறிந்தாற்போல் இவ்வூர் மக்கள் அதனைத் தனியே உண்பதில்லை. கப்பைக்கு மீன் குழம்பு என்பது இங்கே பிரிக்க முடியாத இணை. அம்மீன் பெரும்பாலும் சாளை. வடக்கே மத்தி என்று வழங்கும் அதனைத் திருவனந்தபுரத்தாரும் குமரி மாவட்டத்தாரும் சாளை என்றே சொல்கின்றனர். சாலைக்கும் சாளைக்கும் எழுத்து ஒன்றே வேறுபாடு. உயர்ந்த விலை கொடுத்து நெய்மீன் வாங்க இயலாத வீட்டுக்கும் சாளை அதே லைசினைத் தருகிறது.

மீன் உண்ணாதவர்க்கும் இவ்வூரில் வழி உண்டு. கஞ்சிக்குப் பயறு, புட்டுக்குப் பயறும் பப்படமும், அல்லது புட்டுக்குக் கடலைக் கறி. மூன்றிலும் மாவுப் பொருள் ஒன்றாகவும் பயறு ஒன்றாகவும் கைகோத்து நிற்பதைக் காண்க. நம் இல்லங்களிலோ காலையில் நேரமில்லை என்று இட்லிக்குப் பதில் பிஸ்கோத்தும் தேநீரும், அல்லது மைதா பரோட்டாவும் வெறுஞ்சாறும் என்று ஆகிவருகிறது. பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் புட்டும் பயறும் செய்யக் கற்றுக்கொள்வது நம் தமிழுக்கு எவ்விதத்திலும் இழுக்கன்று. நம் சுண்டலையும் அடையையும் அவர்களுக்குக் கற்றுக் கொடுப்போம்.

முன்னாளில் நம் உணவைப் பற்றி அறிவியல் சொன்ன ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். நீலகிரியில் குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர், 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் கொழுத்து நின்றன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவில் வளர்ந்தவை கடைசி வரிசையில் நின்றன. அக்குறைக்கு லைசின் ஒன்றே காரணமன்று. பாலும் கீரையும் காயும் குறைந்ததும் காரணம். சோறு மட்டும் மிகுந்து மற்றவை குறைந்த தட்டு எவ்விடத்தில் கொண்டு நிறுத்தும் என்பதற்கு அது சான்று. அவ்வாய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்குச் சென்று இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவு கொள்வோர்க்கு அந்நிறுவனம் 2024இல் வகுத்த மாதிரித் தட்டில் தானியம் 250 கிராம். பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி ஆகிய இவை சேர்ந்து 85 கிராம்.

அட்டை வந்தது, பருப்பு வரவில்லை

இனிக் கடையில் அத்தாய் சொன்ன சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ்க் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு குறைந்த விலையில் வழங்கப்பட்டு வருகிறது. அது மாநில அரசின் ஏற்பாடு. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ என்னும் மத்தியத் திட்டமோ, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கே உரியது. ஆகவே தகுதியுள்ள குடும்பம் களியக்காவிளையைக் கடந்து இங்கே வந்தாலும் தானியப் பங்கை இங்குள்ள கடையில் பெற வழியுண்டு. பருப்புப் பங்கு பின்தொடர்ந்து வருவதில்லை. எல்லை தாண்டும் அரிசிக்குத் துணையாகப் பருப்பு வராமற் போவதால், நாம் மேலே பார்த்த தட்டின் கணக்கு தானாகவே தவறிவிடுகிறது. புலம்பெயர்ந்தோர் இழப்பவை பலவற்றைப் பாட்டிலும் கதையிலும் கேட்டிருக்கிறோம். இவ்விழப்பை யாரும் பாடியதாகத் தெரியவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கேரள அரசின் சப்ளைகோ நடத்தும் மாவேலிக் கடைகளில் சிறுபயறு, கடலை, உளுந்து, வன்பயறு, துவரம்பருப்பு ஆகியவை மானிய விலைப் பொருள்களின் பட்டியலில் உள்ளன. இவற்றைப் பெறக் குடும்ப அட்டை வேண்டும். இங்கேயே நிலையாக வாழ முடிவு செய்துவிட்ட குடும்பங்கள், ஊர் அட்டையை முறைப்படி மாற்றி இவ்வூர் முகவரியில் அட்டை பெறுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒருவர் பெயர் ஒரே காலத்தில் இரண்டு அட்டைகளில் இருத்தல் ஆகாது என்பதையும் நினைவிற்கொள்க. எழுதப் படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால், அது ஒரு வேளைச் சோறு போடுவதைக் காட்டிலும் மேலான அறமாகும்.

பருப்புத் தட்டுப்பாடு நம் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்தியாவில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பருப்பு 1951இல் ஏறத்தாழ 60 கிராம். 1961இல் 69 கிராம். 2001இலோ 30 கிராம். அரிசியும் கோதுமையும் விளைச்சலில் பெருகிய அதே காலத்தில் பருப்பு பின்தங்கியது. பின்னர் நிலை ஓரளவு தேறியிருப்பினும், உலகில் மிகுதியாகப் பருப்பு விளைவிக்கும் நம் நாடே மிகுதியாக இறக்குமதியும் செய்கிறது. மியான்மரிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் விளையும் துவரை நம் கடைகளுக்கு வந்து சேர்கிறது. விலை ஏறும்போதெல்லாம் முதலில் சுருங்குவது ஏழை வீட்டுக் குழம்புச் சட்டியே.

சட்டியின் அடியில் இருப்பது யாருக்கு?

வீட்டுக்கு வந்த பருப்பு வீட்டில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேருகிறதா என்பது அடுத்த கேள்வி. இதனை நாம் சற்று வெளிப்படையாகவே சொல்ல விரும்புகிறோம். குழம்பு நீர்த்துப்போகும் வீட்டில், கரண்டியை அடியில் விட்டு எடுத்த கெட்டியான பகுதி முதலில் ஆண்களுக்குப் போகிறது. அடுத்துப் பிள்ளைகளுக்குப் போகிறது. கடைசியில் உட்காரும் தாய்க்கும், அவளோடு உட்காரும் மூத்த பெண்ணுக்கும் மிஞ்சுவது மேலே நிற்கும் தெளிவும் ரசமுமே. கருவுற்றிருக்கும் மருமகளும் பல வீடுகளில் இந்தக் கடைசி வரிசையில்தான் இருக்கிறாள். யாருக்குத் தேவை மிகுதியோ அவருக்கே குறைவாகக் கிடைக்கும் இவ்வழக்கத்தை நாம் மரபு என்று போற்ற வேண்டியதில்லை. எல்லோரும் ஒருங்கே அமர்ந்து, கலக்கிவிட்டுப் பரிமாறினால், செலவு ஒரு காசும் கூடாமல் இக்குறை பாதி தீரும்.

மற்றொன்று: வயிறு நிறையாதவனுக்குப் பருப்பு மட்டும் பயன் தராது. உடலுக்கு வேண்டிய சூட்டுக்கும் உழைப்புக்கும் போதிய உணவு இல்லையென்றால், உண்ட புரதத்தையே உடல் விறகாக எரித்துவிடும். புரதக் குறை என்று பேசுவோர் முதலில் உணவின் அளவையே நோக்க வேண்டும் என்று புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே வற்புறுத்தி வந்தார். எனவே சோற்றைக் குறைத்துப் பருப்பை மட்டும் கூட்டுவது கூலி வேலை செய்வோர்க்கு ஏற்றதன்று. சோறும் வேண்டும், அதற்கேற்ற பருப்பும் வேண்டும்.

மாத்திரையும் டப்பா மாவும்

லைசின் இத்துணை இன்றியமையாதது என்றால் அதனை மாத்திரையாகவே விழுங்கிவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். மருந்துக் கடைகளில் லைசின் மாத்திரைகளும், பிள்ளைகள் உயரமாக வளரும் என்று விளம்பரம் செய்யும் டப்பா மாவுகளும் கிடைக்கின்றன. 1970களில் தாய்லாந்தின் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அரிசியில் லைசினையும் திரியோனின் என்னும் மற்றோர் அமிலத்தையும், சில உயிர்ச்சத்துகளையும் கூட்டிக் கொடுத்துப் பார்த்தனர். அதனால் மட்டும் பிள்ளைகளின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. வயிறார உணவும், நோயற்ற குடலும், தூய நீரும் இல்லாத இடத்தில் ஓர் அமிலத்தை மட்டும் சேர்த்து என்ன பயன்? பருப்போ புரதத்தோடு இரும்பும் நார்ப்பொருளும் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தும் சேர்த்துத் தருகிறது. ஒரு டப்பா மாவின் விலைக்கு எத்தனை கிலோ பயறு கிடைக்கும் என்று சாலைக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் பருப்பைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சமைக்கும் முறையிலும் சிறிது கவனம் தேவை. லைசின் சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து கடுஞ்சூட்டில் சிவக்கும்போது, உடலுக்குப் பயன்படாத வடிவம் கொள்கிறது. இவ்விளைவை 1912இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயாரின் பெயராலேயே அது வழங்குகிறது. பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சிச் சிவக்க வைக்கும் இனிப்பிலும், கருகச் சுட்ட ரொட்டியின் மேற்புறத்திலும் லைசினில் ஒரு பகுதி இவ்வாறு வீணாகிறது. நீரில் வேகவைக்கும் பருப்பிலும் சுண்டலிலும் ஆவியில் வேகும் இட்லியிலும் இழப்பு சிறிதே. பயறுகளை இரவில் ஊறவைத்து நன்றாக வேகவைத்தால் செரிமானமும் எளிதாகும்.

மாதப் பட்டியலை எடுங்கள்

இத்தனையும் படித்த தாய்மார்களும் தந்தைமார்களும் இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. சென்ற மாத மளிகைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். துவரை, உளுந்து, கடலை, பயறு, மொச்சை, காராமணி ஆகிய எல்லாவற்றின் எடையையும் கூட்டுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்று கொண்டால், நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 6 கிலோ வர வேண்டும். உங்கள் பட்டியலில் 2 கிலோதான் இருக்கிறது என்றால் ஆளுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 17 கிராம் மட்டுமே. மீனும் முட்டையும் பாலும் தாராளமாகப் புழங்கும் வீட்டில் பருப்பு சற்றுக் குறைந்தாலும் கவலையில்லை. அவையும் இல்லை, பருப்பும் இல்லை என்றால் அதுவே நாம் அஞ்ச வேண்டிய வீடு.

ஆறு கிலோவும் துவரையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. துவரை விலை ஏறும் மாதத்தில் கடலையையோ வன்பயற்றையோ சிறுபயற்றையோ கூட்டிக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகளுக்குப் பிஸ்கோத்துக்குப் பதில் சுண்டல் கொடுக்கலாம். இட்லி மாவில் உளுந்தைக் குறைத்துச் சோறு சேர்த்து அரைக்கும் சிக்கனத்தை விட்டுவிடலாம். வேறெங்கேனும் சிக்கனம் செய்யுங்கள். பருப்பில் செய்ய வேண்டா.

ஊரை விட்டு வந்தோம். உறவை விட்டு வந்தோம். பிள்ளைகள் நன்றாக வளர வேண்டும் என்பதற்காகவே வந்தோம். அப்பிள்ளைகளின் தட்டில் ஊரில் இருந்தபோது இருந்த பருப்பாவது குறையாமல் இருக்க வேண்டாவா? அன்று கடையில் கண்ட அத்தாயை மீண்டும் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. இவ்விதழ் அவர் கைக்கு எட்டுமானால், அன்று சொல்லத் தோன்றாத ஒன்றை இன்று சொல்லிக்கொள்கிறோம்: அம்மா, சாம்பாருக்கு நிறம் மஞ்சளால் வந்துவிடும்; பிள்ளைக்கு வளர்த்தி பருப்பால்தான் வரும்.